பழைய சிடிக்களை எப்படி வெட்டுவது?

பரண் சுத்தம் செய்தபோது ஒரு பை நிறைய பழைய சிடி, டிவிடி கிடைத்தது. கல்யாண வீடியோவை மட்டும் பென்டிரைவில் ஏற்றிவிட்டேன். மற்றதெல்லாம் கீறல் விழுந்தவை. பழைய இரும்புக் கடைக்காரர், "இது போகாதும்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நாலைந்தைக் கொய்யா மரத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டேன். வெயில் பட்டுப் பளபளவென்று சுற்றியதில் ஒரு வாரம் கிளிகள் வரவில்லை. அப்புறம் பழகிவிட்டன, இப்போது பக்கத்திலேயே உட்கார்ந்து கொறிக்கின்றன!

மிச்சத்தைச் சின்னச் சின்னத் துண்டாக்கி மண் தொட்டிகளைச் சுற்றி ஒட்ட ஆசை. ஆனால் கத்தரிக்கோல் வைத்தாலே விரிசல் விடுகிறது, வெள்ளிப் பூச்சும் செதில் செதிலாக உரிகிறது. வெந்நீரில் ஊறவைத்து வெட்டினால் சரியாக வருமா? மழை தாங்குகிற பசை எது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன். முடிந்தால் படமும் போடுங்கள்.