12 குழந்தைகளை வைத்து ஒரு முடிவுக்கு வரலாமா?

கேள்வி: தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகியவற்றுக்கான எம்எம்ஆர் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்தி 1998இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான கட்டுரையின் நகலை என் மைத்துனர் அனுப்பியிருக்கிறார். மருத்துவம் படிக்காத நான் அதை எப்படி எடைபோடுவது?

பதில் 1: எத்தனை பேரை, யாரோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள் என்பதை முதலில் பாருங்கள். அதில் இருந்தவர்கள் 12 குழந்தைகள் மட்டுமே. ஒப்பிடுவதற்கு ஊசி போடாத குழந்தைகளின் குழு இல்லை. ஊசி போடும் வயதும் ஆட்டிசத்தின் அறிகுறிகள் பெற்றோர் கண்ணில் படத் தொடங்கும் வயதும் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால், ஊசிக்குப் பின் தெரிந்தது என்பதாலேயே ஊசியால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஊசி போட்டவர்களிடம் ஆட்டிசம் கூடுதலாகக் காணப்படவில்லை.

பதில் 2: அதற்காக எல்லாப் புகாரையும் புரளி என்று ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்காவில் 1998இல் அனுமதி பெற்ற ரோட்டாஷீல்டு என்னும் வயிற்றுப்போக்குத் தடுப்புமருந்துக்குப் பின் சில குழந்தைகளுக்குக் குடல் செருகல் (குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்துகொள்வது) ஏற்பட்டதாகத் தகவல்கள் வந்தன. மருந்து பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டபோது அந்த ஐயம் உறுதிப்பட்டு, 1999இலேயே அது திரும்பப் பெறப்பட்டது. புகார் விசாரணையின் தொடக்கம், தீர்ப்பு அன்று.

பதில் 3: லான்செட் அக்கட்டுரையை 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது. நகலின் பக்கங்களில் குறுக்கே ‘RETRACTED’ (திரும்பப் பெறப்பட்டது) என்று சிவப்பு எழுத்து இருக்கிறதா?

கேட்டவர்: இருக்கிறது, ஐயா. அதை ஏதோ அச்சகத்தின் முத்திரை என்று நினைத்துவிட்டேன்.