சோலார் போட்டபின் பவர் ஃபேக்டர் 0.93லிருந்து 0.78: பில்லில் அபராதம், என்ன செய்வது?

கணபதி பட்டறை:
வணக்கமுங்க. கோயமுத்தூர் கணபதியில் ஜாப் ஒர்க் மெஷின் ஷாப். எல்.டி. 3பி (தொழிற்சாலைக்கான தாழ்வழுத்த மின்கட்டணப் பிரிவு), சி.டி. மீட்டர் (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் வழியா அளக்கறது), அனுமதி வாங்கின டிமாண்ட் 45 கிலோவாட். ரெண்டு விஎம்சி (கம்ப்யூட்டர் மில்லிங் மெஷின்), மூணு லேத், ஒரு மில்லிங், 10 எச்.பி. கம்ப்ரஸர். பகல் ஷிப்ட் மட்டும், 8 மணியிலிருந்து 6 மணி வரைக்கும். மெஷின் எல்லாம் ஓடும்போது சராசரியா 26 கிலோவாட் இழுக்கும். கூரையில் 30 கிலோவாட் சோலார் போட்டாச்சு, மீட்டரும் இருவழி மீட்டரா மாத்தியாச்சு. யூனிட் நல்லாவே குறைஞ்சிருக்கு. ஆனா பவர் ஃபேக்டர் (இழுக்கற மொத்த கேவிஏவில் நிஜ வேலை செய்யற கிலோவாட்டின் பங்கு) 0.93ல இருந்தது 0.78க்கு இறங்கி, பில்லில் புதுசா ஒரு அபராத வரி வந்திருக்கு. மெஷின் எதையும் மாத்தலை, பவர் ஃபேக்டரை ஏத்தறதுக்கு மெயின் போர்டில் வெச்ச 10 கேவிஏஆர் கெப்பாசிட்டர் பேங்க் அப்படியேதான் இருக்கு. சோலார் போட்டவங்க "கெப்பாசிட்டர் வீக் ஆயிருச்சு, மாத்துங்க"ங்கறாங்க. அதுதானுங்களா காரணம்?

இன்னொண்ணு, மூணாவதா ஒரு விஎம்சி வாங்கற யோசனை. டிமாண்டை 60க்கு ஏத்தணுமா? டிஐசி (மாவட்டத் தொழில் மையம்) மானியத்துக்கு எதை முதல்ல செய்யணும்?

சி.டி. மீட்டர்:
கெப்பாசிட்டர் வீக்கா இல்லையான்னு கிளாம்ப் மீட்டர் வெச்சு அஞ்சு நிமிஷத்தில் பாத்துடலாம். 440 வோல்ட் ரேட்டிங் உள்ள 10 கேவிஏஆர் பேங்க், லைனில் 415 வோல்ட் இருந்தா ஃபேஸுக்கு 12.4 ஆம்பியர் இழுக்கணும். மூணு ஃபேஸிலும் 12க்குப் பக்கத்தில் இருந்தா அது நல்லாத்தான் இருக்கு. ஒரு ஃபேஸ் மட்டும் 8, 9ன்னு காட்டினா உள்ளே ஒரு செல் போயிருக்கு.

ஆனா நீங்க சொல்ற கணக்குக்கு கெப்பாசிட்டர் கெடவே வேண்டியதில்லை. 26 கிலோவாட்டில் 0.93ன்னா, நீங்க லைனில் இருந்து இழுத்திட்டிருந்த ரியாக்டிவ் பவர், அதாவது மோட்டாரின் காந்தப்புலத்துக்கு மட்டும் போய்த் திரும்பற பவர், சுமார் 10.3 கேவிஏஆர். சோலார் இன்வெர்ட்டர் கம்பெனி செட்டிங்கில் யூனிட்டி (1.0) பவர் ஃபேக்டரில்தான் ஓடும். கிலோவாட் மட்டும் கொடுக்கும், ரியாக்டிவ் ஒரு துளி கொடுக்காது. 30 கிலோவாட் சோலார் நம்ம பக்கம் நாளுக்கு 120, 130 யூனிட் தரும். உங்க பத்து மணி நேர ஷிப்டுக்கு சராசரி போட்டா 13 கிலோவாட். அப்போ லைனில் இருந்து வர்றது மிச்ச 13 கிலோவாட்தான், ரியாக்டிவ் மட்டும் அதே 10.3. 13ஐயும் 10.3ஐயும் வர்க்கம் போட்டுக் கூட்டி மூலம் எடுத்தா 16.6 கேவிஏ. 13ஐ 16.6ஆல வகுத்தா 0.78. உங்க பில்லில் இருக்கறதே அதுதானுங்க. சோலார் விக்க வர்றவங்க போட்டுக் காட்டற லாபக் கணக்கில் இந்த வரி இருக்காது.

எல்.டி.யில் 18.6 கிலோவாட்டும் அதுக்கு மேலயும் இருக்கற இணைப்புக்கு 0.85 வேணும். 0.85க்குக் கீழே குறையற ஒவ்வொரு 0.01க்கும் மின்கட்டணத்தில் 1 சதவீதம். 0.78ன்னா 7 சதவீதம். 0.75க்குக் கீழே போனா அதுவே ஒண்ணரை சதவீதமா மாறும். வெயில் நல்லா அடிக்கற பங்குனி, சித்திரையில் சோலார் கூடுதலாத் தரும், அப்போ பவர் ஃபேக்டர் இன்னும் இறங்கும். அதுக்கு முன்னாடி சரி பண்ணிக்குங்க.

பல்லடத்தான்:
இதுக்கெதுக்குங்ணா இவ்வளவு கணக்கு? இன்னொரு 10 கேவிஏஆர் கெப்பாசிட்டரை மெயினில் போட்டா முடிஞ்சுது. இங்கே தறிக்குடோன்ல எல்லாம் அப்படித்தான் பண்றாங்க.

சி.டி. மீட்டர்:
தறிக்குடோன்ல லோடு நாள் முழுக்க ஒரே சீரா ஓடும். மெஷின் ஷாப் அப்படி இல்லீங்க. மதியம் ஒரு மணிக்கு சாப்பாட்டுக்கு நிறுத்தினா லோடு சுத்தமா விழுந்துரும், சோலாரோ உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில் 20 கேவிஏஆர் நிலையா நின்னா வோல்டேஜ் ஏறும். சோலார் வெளியே தள்ளறதால ஏற்கெனவே ஏறியிருக்கற வோல்டேஜ் அது. இன்வெர்ட்டர் ஓவர் வோல்டேஜ்னு ட்ரிப் ஆகி நிக்கும், நல்ல வெயில் வீணாப் போகும். ரெண்டாவது, விஎம்சி ஸ்பிண்டில் டிரைவ் ஹார்மோனிக்ஸ் (50 ஹெர்ட்ஸின் மடங்கில் வர்ற வேண்டாத அலைகள்) தள்ளும். ரியாக்டர் இல்லாத வெறும் கெப்பாசிட்டரைச் சேத்துட்டே போனா ரெசோனன்ஸ் அஞ்சாவது, ஏழாவது ஹார்மோனிக் பக்கம் இறங்கி வந்து, கெப்பாசிட்டர் உப்பிப் போகும். டிரைவ் இருக்கற இடத்தில் போடறதுன்னா 7 சதவீத ரியாக்டரோட, கெப்பாசிட்டர் வோல்டேஜ் ரேட்டிங்கையும் கூட்டி வெச்சுப் போடணும்.

மூணாவது விஷயம்தான் முக்கியம். பழைய மீட்டர் லேக் (மோட்டார் இழுக்கற ரியாக்டிவ்) மட்டும் எண்ணியிருக்கலாம், புது இருவழி மீட்டர் லேக், லீட் (கெப்பாசிட்டர் மிச்சமாத் தள்ளறது) ரெண்டையும் எண்ணலாம். அப்படி எண்ணினா, ராத்திரி கெப்பாசிட்டர் ஆன்ல கிடந்தாலே கேவிஏஎச் (கேவிஏவை மணிக்கணக்கில் கூட்டினது) ஓடிட்டே இருக்கும். 14 மணி நேரத்தில் சுமார் 125 கேவிஏஎச், யூனிட்டோ நாலோ அஞ்சோ. மாச சராசரியையே அது இழுத்துப் போட்டுரும். அதனால எதையும் வாங்கறதுக்கு முன்னாடி ரீடிங் எடுங்க.

மீட்டர் டிஸ்பிளே பட்டனை அழுத்தினா வரிசையா வரும். இம்போர்ட் யூனிட், இம்போர்ட் கேவிஏஎச் ரெண்டை மட்டும் எழுதுங்க; எக்ஸ்போர்ட்டைக் குழப்பிக்காதீங்க. ஷிப்ட் ஆரம்பிக்கும்போது, முடியும்போது, மறுநாள் காலைன்னு எடுத்து வித்தியாசத்தைப் பாருங்க. யூனிட்டைக் கேவிஏஎச்சால வகுத்தா பவர் ஃபேக்டர். ரெண்டுக்கும் ஒரே மல்டிப்ளையிங் ஃபேக்டர் (சி.டி. விகிதத்துக்காக ரீடிங்கைப் பெருக்கற எண்)ங்கறதால விகிதத்துக்கு அதைப் பெருக்க வேண்டியதில்லை.

கணபதி பட்டறை:
எடுத்தாச்சுங்க. மல்டிப்ளையிங் ஃபேக்டர் பெருக்கின கணக்கு: பகல் 130 யூனிட், 166 கேவிஏஎச். ராத்திரி 4 யூனிட், கேவிஏஎச்சும் 4தான். கெப்பாசிட்டர் ராத்திரி ஆன்லதான் இருந்துச்சு. கிளாம்ப் மீட்டரில் மூணு ஃபேஸும் 12க்கு மேலே காட்டுது.

சி.டி. மீட்டர்:
அப்போ கெப்பாசிட்டர் நல்லாருக்கு, மீட்டரும் லீடை எண்ணலை. பிரச்சினை முழுக்க பகலில்தான், நான் போட்ட கணக்குப்படியே.

காசு செலவில்லாத வழி இன்வெர்ட்டரிலேயே இருக்கு. மூணு ஃபேஸ் ஸ்டிரிங் இன்வெர்ட்டர் பெரும்பாலும் எல்லாத்திலயும் பவர் ஃபேக்டர் செட்டிங் உண்டு, பொதுவா 0.8 லேக்கில் இருந்து 0.8 லீட் வரை. அதை 0.92ல வெச்சா 13 கிலோவாட் வரும்போது 5.5 கேவிஏஆர் கொடுக்கும், 24 கிலோவாட் வரும்போது 10.2 கொடுக்கும். வெயில் ஏற ஏற லைன் கிலோவாட் குறையும், ரியாக்டிவும் கூடவே குறையும். உங்க லோடுக்கு இது கச்சிதமாப் பொருந்தும். ஷிப்ட் சராசரி 0.93, 0.94 வரணும்.

இதில் மூணு இடத்தில் தப்பு நடக்கும். ஒண்ணு, திசை. ரியாக்டிவ் கொடுக்கறதை ஒரு கம்பெனி லேக்னு போடும், இன்னொண்ணு லீட்னு போடும், வேற ஒண்ணு ஓவர் எக்ஸைட்டட்னு போடும். பேரை நம்பாதீங்க. வெச்ச உடனே மெஷின் ஓடிட்டிருக்கும்போது மீட்டரில் உடனடி பவர் ஃபேக்டரைப் பாருங்க. ஏறினா சரி, இறங்கினா திருப்பி வையுங்க. ரெண்டு, இன்வெர்ட்டர் கேவிஏ. 30 கேவிஏ இன்வெர்ட்டர் 0.92ல 27.6 கிலோவாட்டுக்கு மேலே தராது. 30 கிலோவாட் பேனல் கூரைச் சூட்டில் அதைத் தாண்டறது அபூர்வம், அதனால இழப்பு கொஞ்சம்தான். மூணு, செட்டிங் பாஸ்வேர்ட் இன்ஸ்டாலர் கையில் இருக்கும். அவங்களையே மாத்தச் சொல்லுங்க, வாரண்டியில் பேச்சு வராது.

அப்புறம் ஒரு வாரம் மதியம் 1 மணியில் இருந்து 2 மணி வரை இன்வெர்ட்டர் லாகைப் பாருங்க. ஓவர் வோல்டேஜ் ட்ரிப் விழுந்தா, அந்த நேரம் மட்டும் 10 கேவிஏஆர் பேங்கை இறக்கி வைக்கணும்.

உத்யம் உதவி:
ரெண்டாவது கேள்விக்கு வர்றேனுங்க.

டிமாண்ட் முதலில். மெஷின் பிளேட்டில் போட்டிருக்கற கிலோவாட்டைக் கூட்டி 60 கேக்காதீங்க; சி.டி. மீட்டரில் நிஜமாப் பதிவாகற டிமாண்டைத்தான் பாக்கணும். பழைய பில்லில் அதிகபட்சமாப் பதிவானது என்னன்னு பாருங்க. அதில் ஆடி மாசப் பில் முக்கியம். பாலக்காட்டுக் கணவாய் வழியா மேகமும் காத்தும் வர்ற மாசங்களில் சோலார் திடீர்னு விழும், முழு லோடும் லைனுக்குப் போகும். அந்த மாசப் பதிவோட புது விஎம்சியின் நிஜ இழுப்பு 7, 8 கிலோவாட்டைக் கூட்டுங்க. 45க்குள்ளே நின்னா ஏத்தவே வேண்டாம். ஏத்தித்தான் ஆகணும்னாலும் 50க்குள்ளே நிறுத்தப் பாருங்க. 50 கிலோவாட்டைத் தாண்டினா நிலைக்கட்டண விகிதமே வேற. சோலார் வந்துருச்சேன்னு டிமாண்டைக் குறைக்கறதும் இதே காரணத்தால ஆபத்து.

மானியம். முதலீட்டு மானியம் மெஷின் விலையில் 25 சதவீதம், உச்சவரம்பு ஒண்ணரைக் கோடி. உற்பத்தி செய்யற குறு நிறுவனத்துக்கு எந்த ஊர்ல இருந்தாலும் உண்டு. சிறு, நடுத்தர நிறுவனம்னா பின்தங்கிய வட்டாரம், தொழிற்பேட்டை, குறிப்பிட்ட தொழில் வகைன்னு நிபந்தனை இருக்கு. உங்களோடது விரிவாக்கம், அதுக்குத் தனி நிபந்தனை உண்டு, அதனால ஆர்டர் கொடுக்கறதுக்கு முன்னாடியே கொட்டேஷனோட மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய்ப் பேசுங்க. 2025 ஏப்ரல் 1 முதல் குறு நிறுவன வரம்பு மெஷின் முதலீடு இரண்டரைக் கோடி, விற்றுமுதல் 10 கோடி. முன்னாடி ஒரு கோடி, அஞ்சு கோடிதான். பழைய வரம்பில் சிறு நிறுவனம்னு இருந்த பல பட்டறை இப்போ குறுவுக்குள்ளே வந்துருச்சு. உங்க உத்யம் (மத்திய அரசின் குறு, சிறு, நடுத்தர நிறுவனப் பதிவு) சான்றிதழில் எப்படி இருக்குன்னு பாத்துக்குங்க.

அதே சான்றிதழில் இன்னொண்ணும் பாருங்க. ஜாப் ஒர்க்தானேன்னு பல பேர் 'சேவை'ன்னு பதிஞ்சு வெச்சிருக்காங்க. அதை வெச்சு உற்பத்தி மானியம் கேட்டா ஃபைல் அங்கேயே நின்னு போகும். உலோக மெஷினிங் தேசியத் தொழில் வகைப்பாட்டில் 2592 வகுப்பில் வரும், அது உற்பத்திப் பிரிவு. உத்யம் தளத்தில் திருத்தறதுக்குக் கட்டணம் கிடையாது. கட்டணம் கேக்கற தளம் எதுவா இருந்தாலும் அது அரசுத் தளம் இல்லை.

புது நிறுவனத்துக்கு எல்.டி. மின்கட்டணத்தில் 36 மாசத்துக்கு 20 சதவீத மானியம் இருக்கு. உற்பத்தி தொடங்கின நாள் கணக்கு அது, பழைய பட்டறைக்கு எட்டாது. உங்களுக்கு எட்டறது தமிழக அரசின் 'பீஸ்' திட்டம், மின்சாரச் செலவைத் தணிக்கை பண்ணிக் குறைக்கறதுக்கானது. எனர்ஜி ஆடிட் செலவில் 75 சதவீதம், ஒரு லட்சம் வரை திரும்ப வரும். ஆடிட்டில் சொன்ன மாற்றங்களுக்கு அதிகபட்சம் 10 லட்சம் வரை தனி மானியம். வரிசை மட்டும் மாறக் கூடாது. ஆடிட் முதலில், வாங்கறது பிறகு. கம்ப்ரஸரை மாத்திட்டு அப்புறம் ஆடிட்டரைக் கூப்பிட்டா, அவர் எதைப் பரிந்துரைப்பார்?

சோலார் நெட்வொர்க் கட்டணத்தையும் (சோலார் வெச்சிருக்கறவங்க மின்வாரிய லைனுக்குக் கட்டறது) பில்லில் ஒரு தடவை பாருங்க. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு இதில் பாதியை 2023ல அரசு குறைச்சது. மின் இணைப்பும் உத்யமும் ஒரே பேரில் இல்லைன்னா முழுசாப் போட்டிருக்க வாய்ப்பு உண்டு.

பல்லடத்தான்:
சரிங்ணா, நான் சொன்னதை வாபஸ் வாங்கலை, தறிக்கு அது சரிதான். ஒரு சந்தேகம். இன்வெர்ட்டரை இப்படி மாத்திட்டு, பின்னாடி ஏபிஎஃப்சி (கெப்பாசிட்டரைத் தானா ஏத்தி இறக்கற) பேனலும் போட்டா ரெண்டும் சண்டை போட்டுக்காதா?

சி.டி. மீட்டர்:
இன்வெர்ட்டர் நிலையான பவர் ஃபேக்டர்ல இருந்தா சண்டை வராது, பேனல் மிச்சத்தை மட்டும் பாத்துக்கும். ஆனா பேனலோட சி.டி.யை மீட்டருக்கும் சோலார் இணையற இடத்துக்கும் நடுவில் மாட்டணும். மெஷின் பக்கம் மாட்டினா அது பாக்கறது மெஷினோட பவர் ஃபேக்டரை, மீட்டரோடதை இல்லை; 0.99ன்னு காட்டிட்டு நிக்கும், மீட்டரில் பவர் ஃபேக்டர் அதைவிடக் கீழேதான் இருக்கும். ரிலே, பவர் உள்ளே வர்றது, வெளியே போறது ரெண்டும் புரியற நாலு குவாட்ரன்ட் ரிலேயா இருக்கணும். பழைய ரிலே, சோலார் வெளியே போகும்போது திசை புரியாம எல்லா ஸ்டெப்பையும் ஏத்தும், இல்லைன்னா எல்லாத்தையும் இறக்கும். கணபதிக்காரர் அளவுக்கு 2, 2, 5, 5, 10ன்னு சின்ன ஸ்டெப் போதும். வெறும் 10, 10ன்னு வெச்சா மத்தியானம் லைனில் ரெண்டு கிலோவாட் இருக்கும்போது அதால ஒண்ணும் பண்ண முடியாது.

கணபதி பட்டறை:
இன்ஸ்டாலர் வந்து 0.92 வெச்சாருங்க. முதல்ல லேக்ல வெச்சதும் மீட்டரில் 0.6க்குப் போயிருச்சு, திருப்பினதும் ஏறிருச்சு. இன்னைக்குப் பகல் 131 யூனிட், 140 கேவிஏஎச். மதியம் ட்ரிப் எதுவும் இல்லை. உத்யத்தில் பாத்தா சேவைன்னுதான் இருக்கு, திருத்தப் போட்டிருக்கேன். ஒண்ணு கேக்கணும். பெங்களூர்ல ஒரு விஎம்சி ரெண்டு வருஷம் ஓடினது பாதி விலைக்கு வருது. அதுக்கு மானியம் கிடைக்குங்களா?

உத்யம் உதவி:
ஓடின மெஷினுக்கு முதலீட்டு மானியம் கிடையாதுங்க. பாதி விலைங்கறதை, புதுசின் விலையில் 25 சதவீதம் கழிச்சதோட வெச்சுப் பாருங்க. அதோட புது மெஷினுக்கு வாரண்டி இருக்கு, வங்கிக் கடனும் சுலபம். மானியம் கைக்கு வர மாசக்கணக்கில் ஆகும், அதுவரைக்கும் வட்டி உங்க தலையில். அதையும் கணக்கில் சேருங்க. புதுசு எடுத்தா பணம் முழுக்க வங்கி வழியாப் போகணும். மெஷின் பில் தனி, டூல் ஹோல்டர், இன்செர்ட் பில் தனின்னு வாங்குங்க. ஒரே பில்லில் கலந்து வந்தா எது மெஷின், எது தேய்மானச் சாமான்னு பிரிச்சுக் காட்டச் சொல்லிக் கேள்வி வரும். உற்பத்தி தொடங்கினதும் விண்ணப்பத்தைத் தள்ளிப் போடாதீங்க, அதுக்குக் காலவரம்பு இருக்கு.