கொரோனா கால ஊதியமில்லா விடுப்பு பணிக்கொடையைப் பாதிக்குமா?

வணக்கம். தஞ்சாவூர் பக்கம் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் பணிமனை உதவியாளராக இருந்தேன். 2016 ஆகஸ்டில் சேர்ந்தேன். 2020 ஏப்ரலில், கட்டணம் வசூலாகவில்லை என்று சொல்லி எங்கள் பன்னிரண்டு பேரை ஊதியமில்லா விடுப்பில் அனுப்பினார்கள். கடிதம் தரவில்லை, வாட்ஸ்அப் செய்தி மட்டும்தான். ஜூனில் மேட்டூர் தண்ணீர் வந்ததும் குறுவை நடவு வேலைக்குப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றினேன். ஆனாலும் பணிமனைச் சாவி என்னிடமே இருந்தது. மாதம் ஒருமுறை போய்க் கடைசல் இயந்திரங்களுக்கு எண்ணெய் போட்டு வந்தேன். துருப்பிடிக்க விட மனம் வரவில்லை.

2021 பிப்ரவரியில் மீண்டும் அழைத்தார்கள். 2022 ஏப்ரலில் விலகினேன். பணிக்கொடை (கிராஜுவிட்டி) கேட்டால், அந்தப் பத்து மாதத்தைக் கழித்துவிட்டு, அதற்குத் தேவையான ஐந்து ஆண்டு தொடர்பணி நிறையவில்லை என்கிறார்கள். வருகைப் பதிவேட்டில் அந்த மாதங்களுக்குச் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறார்கள்.

கல்லூரி முதல்வரை இருமுறை பார்த்தேன். பதிவுத் தபாலில் விண்ணப்பம் அனுப்பினேன். ஒப்புகை அட்டை வந்தது, பதில் வரவில்லை. தொழிலாளர் துறை அலுவலகத்தில் விடுப்பு உத்தரவின் நகலைக் கேட்கிறார்கள். என்னிடம் வாட்ஸ்அப் செய்தி, வங்கிக் கணக்கு விவரம், வருங்கால வைப்பு நிதிப் பதிவு ஆகியவை உள்ளன.

நிர்வாகமே அனுப்பிய விடுப்பு தொடர்பணியில் சேரும் என்பதை நிறுவ இவை போதுமா?