வடசென்னையிலிருந்து வால்வெள்ளியைப் படம் எடுப்பது எப்படி?

ராயபுரம் மாடி:
2024 அக்டோபரில் சுச்சின்ஷான்-அட்லஸ் வால்வெள்ளி மாலையில் மேற்கே தெரிந்தபோது மொட்டை மாடியிலிருந்து மூன்று நாள் முயன்றேன். இரண்டு நாள் மேகம். மூன்றாம் நாள் படம் முழுக்க ஆரஞ்சு வெளிச்சம், நட்சத்திரமெல்லாம் கோடு கோடாக. 50 எம்எம் லென்ஸ், ஷட்டரை 30 வினாடி திறந்து வைத்தேன். அடுத்ததையாவது விடக் கூடாது. எங்கே தவறினேன்?

திருவொற்றியூர்க்காரன்:
30 வினாடி ரொம்ப அதிகம் நண்பரே, பூமி சுற்றிக்கொண்டே இருக்கிறதே. 500-ஐ லென்ஸின் எம்எம்மால் வகுங்கள்: 10 வினாடி. கிராப் சென்சார் (சற்றுச் சிறிய சென்சார்) என்றால் 6. ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 1600 போதும். ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு, பளிச்சென்ற ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி, அது ஊசிமுனையாகச் சுருங்கும்வரை லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைத் திருப்புங்கள்.

அப்புறம், நமக்கு மேற்கு முழுக்க ஊர் வெளிச்சம். கிழக்கே கடல், அதுதான் நம் சொத்து. அதே வால்வெள்ளி செப்டம்பர் கடைசியில் விடியலுக்கு முன் கிழக்கே இருந்தது. கடலோரக் கருங்கல் மேல் பைனாகுலரோடு உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணி தாண்டியதும், மீன்பிடிப் படகு விளக்குகளுக்குச் சற்று மேலே, சின்னப் பஞ்சுத் திரி போல வந்தது. வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம்தான் நீளும், அதனால் மேல்நோக்கி நின்றது. கண் கலங்கிவிட்டது.

காசிமேடு:
ஏசி அறையிலிருந்து கேமராவை நேராகக் கடற்கரைக்கு எடுத்துப் போகாதீர்கள், லென்ஸ் வேர்த்துவிடும். அரை மணி நேரம் பையிலேயே இருக்கட்டும். உப்புக்காற்று வேறு, வீடு திரும்பியதும் துடைத்துவிடுங்கள்.

ராயபுரம் மாடி:
சரி, என்னுடையது கிராப் சென்சார்தான். இன்று இரவே 6 வினாடியில் பழகிப் பார்க்கிறேன்.