பேர்ஸ் 2024: 68 சேக், 5-12. தப்பு கோச் மேலயா, கேலப் மேலயா?

தெற்குஸ்டாண்ட்

அமெரிக்கக் கால்பந்து (NFL) அணி சிகாகோ பேர்ஸோட 2024 சீசன் 5-12ல முடிஞ்சுது, அதாவது 5 வெற்றி, 12 தோல்வி. நடுவுல தொடர்ந்து 10 தோல்வி. மாட் எபர்ஃப்ளூஸை நவம்பர் 29 அன்னிக்கு நீக்கினாங்க. சீசன் நடுவுல தலைமை கோச்சை பேர்ஸ் நீக்கியது கிளப் வரலாற்றுலயே அதுதான் முதல் தடவை. எனக்கு அதுல துளி வருத்தமும் இல்ல. அதுக்கு முந்தின நாள் தேங்க்ஸ்கிவிங் மேட்ச்ல டெட்ராய்ட்டுக்கு எதிரா 20-23, கையில ஒரு டைம்அவுட் (கடிகாரத்தை நிறுத்துற உரிமை) இருக்கு, கடிகாரம் ஓடிட்டே இருக்கு, சைடுலைன்ல ஒருத்தரும் அசையல. அதை எப்படி மன்னிக்கிறது?

ஆனா என் கேள்வி பந்தை எறியற ஆளான குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸ் பத்தி. 3,541 யார்டு, 20 டச்டவுன், 6 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடிச்சுட்ட எறிதல்). முதல் வருஷத்துக்கு நல்ல கணக்குதான். அதே பையன் 68 தடவை சேக் ஆகியிருக்கான், அதாவது பந்தை எறியறதுக்கு முன்னாடியே பிடிபட்டு விழுந்திருக்கான். பாதிப் பேர் லைனை (முன்னால நின்னு அவனைக் காக்கிற அஞ்சு பேரை) திட்டுறாங்க, பாதிப் பேர் பந்தைப் பிடிச்சுட்டே நிக்கிறான்னு அவனைத் திட்டுறாங்க. வீடியோ பார்த்து இதைப் பிரிச்சுச் சொல்ல வழி இருக்கா? புது கோச் வந்தா இது மாறுமா, இல்ல இது அவனோட பழக்கமா?

ஃபிலிம்ரூம்

பிரிக்கலாம். டிவி கோணத்துல பார்த்தா முடியாது, 22 பேரும் தெரியற ஆல்-22 காட்சி வேணும். ஒவ்வொரு சேக்கையும் எடுத்து, லைன் நடுவுல நிக்கிற சென்டர் கையிலிருந்து பந்து கிளம்புற இடத்துல (ஸ்னாப்) நிறுத்தி, அங்கிருந்து எண்ணுங்க.

2.5 வினாடிக்குள்ள ஆள் மேல விழுந்துட்டா அது பெரும்பாலும் லைன் அல்லது பிளாக்கிங் ஏற்பாட்டோட தப்பு. 3 வினாடியைத் தாண்டினா முதல்ல குவார்ட்டர்பேக்கைக் கேளுங்க. ஆனா உடனே தீர்ப்பு சொல்லாதீங்க. அந்த நேரத்துல ரிசீவர் எங்க இருக்கார்னு பார்க்கணும். நாலு பேரும் 15 யார்டுக்கு மேல ஓடுற ரூட், கிட்ட யாருமே இல்லைன்னா, அவன் எறிய ஆளே இல்ல. அது பிளே எழுதினவர் தப்பு. ஆஃபென்ஸுக்கு பிளே கூப்பிட்ட கோச் ஷேன் வால்ட்ரன் இருந்தப்போ இந்த மாதிரி பிளே நிறைய. நவம்பர் 10 நியூ இங்கிலாந்துகிட்ட 3-19 தோத்தப்போ ஒரே மேட்ச்ல 9 சேக். ரெண்டு நாள்ல அவரை நீக்கினாங்க. அடுத்த வாரம் கிரீன் பேவுக்கு எதிரா தாமஸ் பிரவுன் பிளே கூப்பிட்டார். அதே பையன், ஆனா பந்து கையை விட்டுச் சீக்கிரம் போச்சு, 31க்கு 23 சரியா எறிஞ்சான். அந்த மேட்ச் தோத்தது கடைசி ஃபீல்டு கோல் தடுக்கப்பட்டதால, 19-20.

கேலப் பேர்ல எழுத வேண்டியதும் கணிசமா இருக்கு. முதல் ரிசீவர் திறந்திருக்கும்போதே ‘இன்னும் பெருசா ஏதாவது கிடைக்கும்’னு காத்திருக்கிறது. கூடவே, பந்தை வெளியே வீசத் தயங்குறது. லைன் ஓரத்துல டேக்கிள் நிக்கிற இடத்தைத் தாண்டி ஓடி வந்துட்டா, பந்து ஸ்கிரிமேஜ் கோடு (பிளே ஆரம்பிச்ச கோடு) வரைக்கும் போய் விழுந்தாலே போதும், பெனால்டி கிடையாது. அப்படி வீசினா 2வது டவுன் (ரெண்டாவது முயற்சி), இன்னும் 10 யார்டு போகணும். சேக் ஆனா 2வது டவுன் 17 யார்டு. இந்த ஏழு யார்டுதான் டிரைவைக் கொல்லுது.

லெஃப்ட்டேக்கிள்_77

மேல சொன்ன 2.5 வினாடிக் கணக்கு சரி. ஆனா லைன் பக்கத்திலிருந்து ஒண்ணு சேர்க்கணும், ரொம்பப் பேர் இதைக் கவனிக்கிறதில்ல. டேக்கிள் பின்னால அடி வைக்கும்போது குவார்ட்டர்பேக் எந்த இடத்துல நிப்பார்னு ஒரு கணக்கு வெச்சுதான் நிக்கிறார். அந்த இடம் சென்டருக்குப் பின்னால சுமார் 7, 8 யார்டு. வெளியிலிருந்து வளைஞ்சு வர்ற ரஷ்ஷரை (குவார்ட்டர்பேக்கைத் துரத்துற டிஃபென்ஸ்காரரை) அந்தப் புள்ளியைத் தாண்டித் தள்ளிவிட்டா டேக்கிள் வேலை முடிஞ்சுது. குவார்ட்டர்பேக் 10 யார்டு வரைக்கும் பின்வாங்கிட்டா, நல்லாத் தள்ளிவிட்ட அதே ஆள் நேரா அவர் முதுகுல வந்து மோதுவார். காணொளியில டேக்கிள் தோத்த மாதிரித் தெரியும். உண்மையில அவர் தோக்கல. 2024 சேக்குகள்ல இந்த வகையைத் தனியா எண்ணிப் பாருங்க. முன்னாடி ஏறி நிக்க இடம் இருந்ததா, இல்லையா? அதுதான் கேள்வி.

பல சமயம் இடம் இல்ல. சென்டர், அவருக்கு ரெண்டு பக்கமும் நிக்கிற கார்டு, இவங்க நடுவுல உடைஞ்சா குவார்ட்டர்பேக் முன்னாடி போக முடியாது, பின்னாலதான் ஓடணும். நடுவுல உடைய முக்கியக் காரணம் ஸ்டண்ட். டிஃபென்சிவ் டேக்கிள் வெளியே இடிச்சுட்டுப் போவார், எண்ட் சுத்தி உள்ளே வருவார். கார்டும் டேக்கிளும் ஒரே ஆழத்துல நின்னு ஆளைக் கைமாத்தணும். ஒருத்தர் அரை யார்டு முன்னாடி இருந்தாலே தோள் தோளை இடிக்கும், உள்ள வர்றவருக்கு வழி திறந்துடும். இது திறமையைவிடச் சேர்ந்து ஆடின பழக்கத்தால வர்றது. அந்த லைன்ல காயத்தால வாரத்துக்கு வாரம் ஆள் மாறினாங்க. பழக்கம் எங்கிருந்து வரும்?

இன்னொண்ணு, ‘மைக்’ யார்னு சொல்றது. எந்த லைன்பேக்கரைக் கணக்குல எடுத்து அஞ்சு பேரும் பிளாக் பண்றாங்கன்னு ஸ்னாப்புக்கு முன்னாடி சொல்லணும். தப்பா சொன்னா ஒரு பக்கம் மூணு பேர் ரெண்டு பேரைப் பிடிச்சுட்டு நிப்பாங்க, மறுபக்கம் ஒருத்தன் தொடாமலே வருவான். அப்படி வர்றவனுக்குப் பதில் ஹாட் ரூட், அவன் காலி பண்ண இடத்துக்குப் பந்து உடனே போகணும். கோச் பேசற ஹெல்மெட் ரேடியோ பிளே கிளாக்ல (அடுத்த ஸ்னாப்புக்கான கடிகாரம்) 15 வினாடி இருக்கும்போது அறுந்துடும், அதுக்கப்புறம் பையன் தனியாத்தான். பிளே பேர் 20 வினாடி மிச்சம் இருக்கும்போதுதான் உள்ளே வந்து சேர்ந்தா ஹடுல் முடிச்சு நின்னு டிஃபென்ஸைப் படிக்க நேரமே இருக்காது. முதல் வருஷப் பையன்கிட்ட அந்த நேரத்தைப் பறிச்சது கோச்சிங் தப்பு. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல.

கடிகாரம்

டெட்ராய்ட் ஆட்டத்தின் முடிவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பந்து டெட்ராய்ட்டின் 35 யார்டு கோட்டில் இருந்தது. கோல் கம்பம் எண்ட் சோனின் பின்கோட்டில் நிற்பதால் 10 யார்டு, பந்தைப் பிடித்து வைப்பவர் பின்னால் இருப்பதால் 7 அல்லது 8 யார்டு கூட்ட வேண்டும். ஆக 52, 53 யார்டு உதை, சமன் செய்ய வாய்ப்பு இருந்தது. சேக் ஆனதும் பந்து 41-க்குப் போனது, உதை 58, 59 யார்டு ஆனது. அப்போது 30 வினாடிக்கு மேல் மிச்சம். சேக்குக்குப் பிறகு கடிகாரம் நிற்காது. அந்த நொடியே டைம்அவுட் எடுத்திருந்தால் 3வது டவுனில் சைடுலைன் பக்கமாக 8, 10 யார்டு எறிந்து, ஆள் வெளியே போய்க் கடிகாரத்தை நிறுத்தி, 49 யார்டில் உதைத்திருக்கலாம்.

டைம்அவுட்டை உதைக்காக வைத்திருக்க நினைத்தால் அதுவும் ஒரு திட்டம்தான். ஆனால் அப்படியானால் கடிகாரத்தில் 18 வினாடி மிச்சம் இருக்கும்போதே ஸ்னாப் ஆகியிருக்க வேண்டும். 12 வினாடி வந்தும் அணி வரிசையில் நிற்கவில்லை என்றால் அந்தத் திட்டம் செத்துவிட்டது, கோச் கையைத் தூக்க வேண்டியது அப்போதுதான். ஸ்னாப் 6 வினாடியில் நடந்தது. ஆழமாக எறிந்தார்கள், பந்து தரையில் விழுந்தது, ஆட்டம் முடிந்தது. வரிசைக்கு மெதுவாக வந்தது வில்லியம்ஸின் பிழை. முதல் வருட வீரர் தடுமாறுகிறார் என்று தெரிந்தும் நிறுத்தாதது எபர்ஃப்ளூஸின் பிழை. இரண்டும் சமமல்ல. டைம்அவுட் என்பது இதற்காகத்தான்.

அக்டோபர் 27 வாஷிங்டன் ஆட்டத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். கடைசி எறிதலுக்கு முந்தைய பிளேயில் டிஃபென்ஸை ஆழத்தில் நிறுத்தி, சைடுலைனில் 13 யார்டை இலவசமாகக் கொடுத்தார்கள். அதனால்தான் 2 வினாடி மிச்சத்தில் 52 யார்டு தூரத்துக்கு எறிய முடிந்தது. 15-18 தோல்வி.

தெற்குஸ்டாண்ட்

தெளிவாப் புரியுது, நன்றி. அப்போ பழக்கமா, மாறுமாங்கிற கேள்வி? யாராவது முன் உதாரணம் சொல்லுங்க.

பழையகணக்கு

ரெண்டு பக்கமும் உதாரணம் இருக்கு. ஜாரெட் காஃப் 2016ல, கோச் ஜெஃப் ஃபிஷரை நடுவுல நீக்கின சீசன்ல, 7 ஸ்டார்ட், ஏழும் தோல்வி, 26 சேக். 2017ல ஷான் மெக்வே வந்தார், அதே பையன் 15 மேட்ச்ல 25 சேக், 28 டச்டவுன். டிரெவர் லாரன்ஸ் 2021ல, கோச் அர்பன் மையரை நடுவுல நீக்கின சீசன்ல, 12 டச்டவுன், 17 இன்டர்செப்ஷன். அடுத்த வருஷம் டக் பீடர்சன்கிட்ட 25, 8. மறுபக்கம் ரஸ்ஸல் வில்சனைப் பாருங்க, சியாட்டிலிலும் சேக் அதிகம், 2022ல டென்வருக்குப் போயும் 55. பந்தைப் பிடிச்சு வெச்சுக்கிற குணம் ஊர் மாறினாலும் கூடவே போகும். அதனால கேலப் கிட்ட 68 பாதியாகலாம், ஆனா லீக்லயே குறைவா ஆகும்னு எதிர்பார்க்காதீங்க.

எனக்குக் கோபம் வேற இடத்துல. 2017ல பேர்ஸ் குவார்ட்டர்பேக் டிரூபிஸ்கியை டிராஃப்ட்ல (புது வீரர் தேர்வு) எடுத்தாங்க, சீசன் முடிஞ்சதும் ஜான் ஃபாக்ஸ் போனார். 2021ல ஃபீல்ட்ஸ், சீசன் முடிஞ்சதும் மாட் நேகி போனார். 2024ல வில்லியம்ஸ், எபர்ஃப்ளூஸ் டிசம்பரைக்கூடப் பார்க்கல. மூணு தடவையும் நாற்காலி ஆடிட்டிருந்த கோச் கையிலதான் முதல் சுற்றுப் பையனைக் கொடுத்தாங்க. மூணு பையன்களும் ரெண்டாவது வருஷம் புதுப் புத்தகம், புது வார்த்தை, புது கால் அடி படிக்க வேண்டியதாச்சு. கோச் சம்பளம் சேலரி கேப் (வீரர் சம்பள உச்சவரம்பு) கணக்குல வராது, 2023 முடிஞ்சதுமே மாத்தியிருந்தா அணிக்கு ஒரு வீரர்கூடக் குறைஞ்சிருக்காது.

2025 சீசனுக்கு டிஃபென்ஸ் கோச்சைத் தலைமை கோச்சா எடுத்தா, அவருக்குக் கீழ பிளே கூப்பிடுறவர் நல்லா பண்ணினவுடனே வேற கிளப் தலைமை கோச்சா தூக்கிட்டுப் போயிடும், பையன் திரும்ப முதல்லேருந்து ஆரம்பிக்கணும். அதனால பிளே கூப்பிடுறவரே தலைமை கோச்சா வரணும். வந்ததும் மூணு வேலை: உள்ளே மூணு லைன்மேனை மாத்தணும், சென்டருக்கு நேர் பின்னால நின்னு பிளே-ஆக்ஷன் (ஓட்டத்துக்குக் கொடுக்கிற மாதிரி ஏமாத்திட்டு எறியறது) கூட்டணும், கேலப் கால் அடியை ரூட்டோட கட்டணும். மூணாவது அடி வெச்சதும் முதல் ரிசீவர், அங்க இல்லைன்னா சின்னதா ஒரு துள்ளல், ரெண்டாவது ரிசீவர், அதுவும் இல்லைன்னா ரன்னிங் பேக். நாலாவதா தேட வேண்டாம், வெளியே வீசிடணும். 2025 செப்டம்பர்ல வர்ற முதல் நாலு மேட்ச்ல 3 வினாடி தாண்டின சேக் எத்தனைன்னு மட்டும் எண்ணுங்க, கோச் வேலை பண்றாரான்னு அதுலயே தெரிஞ்சுடும்.