செர்ட்ராலினும் சுமாட்ரிப்டானும் செரோடோனின் வழியாகத்தானே வேலை செய்கின்றன? ஒன்று மட்டும் ஏன் ஒற்றைத் தலைவலியை நிறுத்துகிறது?

கேள்வி (மருந்தியல் மாணவி):
வணக்கம். நரம்புகளிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளான செரோடோனின் வந்து ஒட்டும் இடங்களே அதன் ஏற்பிகள். சுமாட்ரிப்டான் அந்த ஏற்பிகளைத் தூண்டி ஒற்றைத் தலைவலியை அடக்குகிறது என்று படித்தேன். அப்படியானால், செரோடோனினைக் கூட்டும் மனச்சோர்வு மருந்தான செர்ட்ராலினும் வலியை நிறுத்த வேண்டுமே? பழைய மருந்தான மெத்திசெர்ஜைடோ செரோடோனினைத் தடுத்துப் பலன் தந்ததாம். தூண்டுவதும் மருந்து, தடுப்பதும் மருந்து என்றால் எதை நம்புவது?

மறுமொழி 1 (மருந்தியல் ஆசிரியர்):
செரோடோனின் கூடுகிறதா குறைகிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, எந்த ஏற்பி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதன் ஏற்பிகள் ஏழு குடும்பங்களாகப் பிரிகின்றன; பெயரிலுள்ள எண் குடும்பத்தையும் எழுத்து அதன் உட்பிரிவையும் குறிக்கும். 1பி வகை தலையின் ரத்தக்குழாய்ச் சுவரிலும், 1டி வகை முகத்திற்கும் மூளையுறைக்கும் உணர்வு தரும் முக்கிளை நரம்பின் முனைகளிலும் இருக்கின்றன. சுமாட்ரிப்டான் இவ்விரண்டையும் தூண்டுவதால், விரிந்த குழாய் சுருங்குகிறது; வலியை வளர்க்கும் சிஜிஆர்பி என்ற பெப்டைடை நரம்பு முனைகள் வெளியிடுவதும் குறைகிறது. மெத்திசெர்ஜைடு முதன்மையாகத் தடுத்தது இரண்டாம் குடும்பத்தை. அதுவும் வலி வந்த பின் அல்ல, வராமல் காப்பதற்காக. வயிற்றறையின் பின்புறம் நார்த்திசு வளரச் செய்யும் அபாயத்தால் அது வழக்கொழிந்தது. செர்ட்ராலினோ நரம்பு இணைப்புகளில் செரோடோனின் திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுப்பதால், அங்குள்ள எல்லா வகை ஏற்பிகளின் மீதும் அதன் பாதிப்பு விழுகிறது. முழுப் பலன் தெரிய வாரங்கள் ஆகும். செரோடோனினையே ரத்தநாளத்தில் செலுத்தினால் வலி தணிகிறது என்று 1960களிலேயே கண்டார்கள், ஆனால் பக்கவிளைவுகள் தாங்கவில்லை. அந்தப் பலனை மட்டும் பிரித்தெடுக்கும் முயற்சியில் கிடைத்ததே 1991இல் விற்பனைக்கு வந்த சுமாட்ரிப்டான்.

மறுமொழி 2 (பல ஆண்டுகளாக ஒற்றைத் தலைவலி உள்ளவர்):
எனக்கு வாந்தியோடு வலி வரும் நாட்களில் மாத்திரை அப்படியே வயிற்றில் கிடக்கும். அந்நேரத்தில் இரைப்பை மந்தமாகிவிடும் என்று மருத்துவர் விளக்கி ஊசிக்கு மாற்றினார். வாய்வழியில் ஏறத்தாழ 15 விழுக்காடே ரத்தத்தில் சேரும் மருந்து, தோலடி ஊசியில் 96 விழுக்காடு சேர்கிறதாம். ஊசி போட்ட சில நிமிடங்களில் கழுத்தும் மார்பும் இறுகுவதுபோல் இருக்கும். முதன்முறை பயந்தே போனேன்.

மறுமொழி 3 (நரம்பியல் மருத்துவர்):
அந்த இறுக்கம் பெரும்பாலும் தீங்கற்றதுதான். எனினும் இதயத் தமனிகளிலும் 1பி ஏற்பி இருப்பதால், மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு ட்ரிப்டான் (சுமாட்ரிப்டான் வகை மருந்து) தரக்கூடாது. 2019இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற லாஸ்மிடிடான் என்ற ஒற்றைத் தலைவலி மருந்து 1எஃப் ஏற்பியை மட்டும் குறிவைப்பதால் குழாய்களைச் சுருக்குவதில்லை. ஆனால் விழுங்கிய பின் எட்டு மணி நேரம் வண்டி ஓட்டக்கூடாது. செர்ட்ராலினையும் ட்ரிப்டானையும் சேர்த்தால் செரோடோனின் நச்சுநிலை (செரோடோனின் தூண்டல் மிகையாகும் ஆபத்தான நிலை) வரலாம் என்று 2006இல் அமெரிக்க மருந்து ஆணையம் எச்சரித்தது. அந்நிலையில் முக்கியப் பங்கு 2ஏ ஏற்பிக்கு. ட்ரிப்டான்கள் அதைத் தூண்டுவதில்லை என்பதால், பலருக்கும் இரண்டையும் கண்காணிப்போடு தருகிறோம். நான் அதைவிட அஞ்சுவது வேறொன்றை: மாதத்தில் பத்து நாட்களோ அதற்கு மேலோ ட்ரிப்டான் எடுத்து, அது மூன்று மாதங்களைத் தாண்டினால், மருந்தே தலைவலிக்குக் காரணமாகிவிடும். ஆகவே மாத்திரை போட்ட நாளையெல்லாம் நாட்காட்டியில் வட்டமிடச் சொல்கிறேன்.