கொலோன் பேழை: கண்ணாடி ஃபோகஸை மாத்துமா, மாத்தாதா?

நிக்கார்காரன்:
நேத்து நம்ம வாட்ஸப் குரூப்ல பிரிசம்67 போட்டதப் படிச்சதுல இருந்து வயிறு எரியுது, அதான் தனி த்ரெட். அவர் சொன்னது: ஜெர்மனியில கொலோன் கதீட்ரல்ல இருக்குற மூன்று ராஜாக்கள் பேழைய (குழந்தை இயேசுவப் பாக்க வந்த மூணு ராஜாக்களோட எலும்பு இருக்குறதா நம்புற தங்கப் பெட்டி) கையால ஃபோகஸ் பண்ற மேனுவல் லென்ஸ்ல ஒழுங்கா எடுக்கவே முடியாது, அதச் சுத்தியிருக்குற குண்டு துளைக்காத கண்ணாடி ஃபோகஸை மாத்திடும், ஆட்டோஃபோகஸ்தான் அதச் சரிக்கட்டும். நான் அங்க 50 மிமீ, துளை அளவு 1.4, நிக்கார் மேனுவல் லென்ஸோட ஒரு மத்தியானம் முழுக்க நின்னவன். நான் வியூஃபைண்டர்ல பாக்குறதே அந்தக் கண்ணாடி வழியாத்தான், பெருசாக்கி வச்சு, பேழை பக்கவாட்டுல உக்காந்திருக்குற தீர்க்கதரிசி சிலையோட தாடி இழை தனித்தனியா தெரியுற வரைக்கும் வளையத்தத் திருப்புறேன், அதுக்கப்புறம் மாறுறதுக்கு என்ன இருக்கு? கண்ணாடி ஃபோகஸை மாத்தாது.

பிரிசம்67:
பேரச் சொல்லியே த்ரெட் போட்டாச்சா, சந்தோஷம். நான் சொன்னது ஒளிவிலகல், பள்ளிக்கூடப் பாடம். தண்ணிக்குள்ள கிடக்குற காசு மேல வந்த மாதிரி தெரியும்ல, அதேதான். கண்ணாடி எவ்ளோ தடிமனோ அதுல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு பொருள் கிட்ட வந்த மாதிரி தெரியும். 3 செமீ கண்ணாடின்னு வச்சுக்கிட்டா 1 செமீ. லென்ஸ் மேல இருக்குற மீட்டர் தூர அளவு தப்பாயிடும். மாறுது. முடிஞ்சுது கதை.

நிக்கார்காரன்:
மீட்டர் எழுத்தப் பாத்து எவன்யா இந்தக் காலத்துல ஃபோகஸ் பண்றான்? பழைய லென்ஸப் புதுக் கேமராவுல மாட்ட மலிவு அடாப்டர் போட்டா அந்த எழுத்து ஏற்கனவே தப்பு, இன்ஃபினிட்டியத் தாண்டிப் போய் நிக்கும். அப்புறம் மூணு மீட்டர்ல 50 மிமீ 1.4ல முன்ன பின்ன ஏறக்குறைய 30 செமீ கூர்மையா விழுற ஆழம் கிடைக்குது, உங்க 1 செமீ அதுக்குள்ள எங்க போய் ஒளிஞ்சுக்கிச்சு? மாத்தாது.

ஷட்டர்செல்வி:
சார், ரெண்டு பேரும் வேற வேற விஷயத்துக்கு ஒரே பேர் வைக்கிறீங்க. அவர் ஸ்கேலச் சொல்றாரு, நீங்க படத்துல விழுறதச் சொல்றீங்க. மூணாவது ஒண்ணும் இருக்கு, பழைய 1.4 லென்ஸ் பலதுல துளைய முழுசாத் தொறந்து ஃபோகஸ் பண்ணிட்டு 4க்கு மூடுனா கூர்மை கொஞ்சம் பின்னாடி நகந்துடும், கண்ணாடியே இல்லாட்டியும். எந்த மாற்றத்தப் பத்திப் பேசுறோம்னு முதல்ல முடிவு பண்ணிட்டு மேல போங்களேன்.

நிக்கார்காரன்:
அதெல்லாம் தெரியும்மா. எடுக்கப்போற துளையிலயே ஃபோகஸ் பண்ணிட்டா அந்தப் பேச்சே இல்ல. இங்க கேள்வி கண்ணாடி மட்டும்தான்.

டோர்ட்முண்ட் பெடியன்:
அண்ணை, நான் இஞ்ச கிட்டத்தான் இருக்கிறன், ஜனவரி 6 எண்டால் போறனான். அண்டைக்குப் பேழையின்ர முன்பக்கத் தகட்டைக் கழட்டி விடுவினம், உள்ளுக்குக் கிரீடம் வச்ச மண்டையோடுகள் தெரியும். நீங்கள் கதைக்கிற 1 செமீ எனக்கு ஒருநாளும் பிரச்சினையா இருந்ததில்லை. பிரச்சினை கண்ணாடியில விழுற வெளிச்சம். பின்னால இருக்கிற யன்னல், விளக்கு, சனம் எல்லாம் அதில தெரியும், ஆட்டோஃபோகஸ் சிலநேரம் அந்த நிழலைத்தான் பிடிச்சுக்கொண்டு நிக்கும். போலரைசர் (கண்ணாடிப் பளபளப்பைக் குறைக்கிற ஃபில்டர்) நேர நிண்டால் ஒண்டும் செய்யாது, 55 பாகைக்குக் கிட்டச் சாய்ஞ்சு நிண்டாத்தான் வேலை செய்யும், ஒன்றரை ஸ்டாப், அதாவது பாதிக்கு மேல வெளிச்சமும் போயிடும். அனுமதி இல்லாமல் ஸ்டாண்ட் வைக்கவும் விடமாட்டினம். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போங்கோ, அது போலரைசரை விட உதவும்.

பிரிசம்67:
தம்பியே சொல்லிட்டாரு, சாய்ஞ்சு நிக்கணும்னு. தடிமனான கண்ணாடிய சாய்வாப் பாத்தா நிமிர்ந்த கோடும் படுத்த கோடும் வேற வேற தூரத்துல கூர்மையாகும். அதுக்கு என்ன பேரு சார்? ஃபோகஸ் மாறுது.

நிக்கார்காரன்:
சரி, அத ஆட்டோஃபோகஸ் சரிக்கட்டிடுமா? ரெண்டு இடத்துல கூர்மையாகுறத ஒரே இடத்துக்கு எந்த மோட்டார் கொண்டுவரும்? இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

பிரிசம்67:
முதல்ல உங்க படத்துல தங்கம் ஏன் பித்தளை மாதிரி இருக்குன்னு நீங்க சொல்லுங்க. போன தீபாவளிக்கு எனக்கு ஒரு டகுமார் லென்ஸ் வித்தீங்களே, டீ டிக்காஷன் நிறத்துல, ஞாபகம் இருக்கா?

நிக்கார்காரன்:
இருக்கு, நல்லாவே இருக்கு. அது தோரியம் கலந்த கண்ணாடி, வருஷக்கணக்குல மஞ்சளாகும், புறஊதா விளக்குல சில நாள் வச்சா வெளுக்கும்னு பணம் வாங்குறதுக்கு முன்னாடியே சொன்னேன். பீரோவுக்குள்ள பூட்டி வச்சா எப்படி வெளுக்கும்? கேட்டதுக்கு இன்னும் பதில் வரல. சரிக்கட்டுமா, கட்டாதா?

பேழைப்பித்தன்:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், ஆனா வாட்ஸப் குரூப்ல ரெண்டு பேருமே அதப் புனிதப் பண்டம்னே எழுதிட்டு வர்றீங்க. பண்டம்ங்குறது உள்ள இருக்குற எலும்பு, 1164ல மிலான்ல இருந்து வந்தது. வெளிய பாக்குறது பேழை, பொற்கொல்லர் வெர்டூன் நிக்கோலசும் பட்டறைக்காரங்களும் 1180 வாக்குல ஆரம்பிச்சது. அதுவும் 1794ல பிரெஞ்சுப் படைக்குப் பயந்து எடுத்துட்டு ஓடி, திரும்ப வந்தப்போ குட்டையாயிடுச்சு. 1961ல இருந்து 1973 வரை சீரமைச்சுத்தான் பழைய நீளத்துக்குக் கொண்டுவந்தாங்க.

பிரிசம்67:
அப்போ நிக்கார் சார் எடுத்தது இருபதாம் நூற்றாண்டுப் பெட்டி.

பேழைப்பித்தன்:
நான் அப்படிச் சொல்லவே இல்ல! 70க்கு மேல உருவங்கள், பெரும்பாலும் அந்தக் காலத்துக் கைவேலைதான். தயவுசெஞ்சு என் வார்த்தைய உங்க சண்டைக்கு இழுக்காதீங்க.

நிக்கார்காரன்:
இழுக்கத்தான் செய்வாரு. பதில் இல்லாதவங்க வேற என்ன செய்வாங்க. அந்த நிக்கோலஸ் எட்டு நூறு வருஷம் முன்னாடி ஒவ்வொரு தீர்க்கதரிசிக்கும் வேற வேற முகம், துணி மடிப்புல ஒரு அசைவுன்னு கொடுத்திருக்கான், அத ஃபோகஸ் வளையத்த கையால மெதுவாத் திருப்பி ஒவ்வொரு மடிப்பா வெளிய வர்றதப் பாக்கும்போது கண்ணு கலங்கிடுச்சு எனக்கு, அத வந்து "எடுக்கவே முடியாது"ன்னு ஒரே வரியில எழுதிட்டுப் போறீங்க பாருங்க, அதுதான் கோவம். கண்ணாடி மாத்தாது.

புதுசு_2:
அடுத்த மாசம் கொலோன் போறேன். ஹீலியோஸ் 58 மிமீ பழைய லென்ஸ், சோனி கேமரா பாடி. என்ன செட்டிங் வைக்கட்டும்?

ஷட்டர்செல்வி:
பாடியில ஆட்டம் தடுக்குற வசதி இருந்தா 58க்குக் கிட்ட இருக்குற நம்பர நீங்களே போடணும், பழைய லென்ஸ் கேமராவுக்கு எதுவும் சொல்லாது. பீக்கிங்க (கூர்மையான விளிம்பக் கலர்ல காட்டுற வசதி) நம்பாதீங்க, பளபளக்குற தங்க வேலைப்பாட்டுல எல்லா இடமும் கலர் கலரா மின்னும். பெருசாக்கிப் பாருங்க. முன்முகம்னா துளை 2.8 போதும், பக்கவாட்டுன்னா பேழை 220 செமீ நீளம், முழுசும் கூர்மையா வேணும்னு ஆசப்படாதீங்க.

பிரிசம்67:
கண்ணாடி ஃபோகஸை மாத்தும்னும் சேத்து எழுதுங்க.

நிக்கார்காரன்:
மாத்தாதுன்னு எழுதும்மா. சனிக்கிழமை மீன்தொட்டிக் கண்ணாடி ஒண்ணு வாங்கி, பின்னாடி பத்து ரூபா காசு வச்சு, அதே நிக்கார்ல எடுத்து முழு அளவுல இங்கயே போடுறேன்.

பிரிசம்67:
மீன்தொட்டிக் கண்ணாடியும் குண்டு துளைக்காத கண்ணாடியும் ஒண்ணா சார்?